ரீச்சரின் அடுப்படி: சுண்டும் கப்பும் கிராமும்

சென்ற இதழில் பட்டர் கேக் செய்முறையைக் கிராமில் மட்டும் கொடுத்திருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான். கப் எத்தனை கிராம், சுண்டு என்கிற அளவுப் பேணி எத்தனை கிராம், அம்மாவின் கொப்பியில் உள்ளதை எப்படி மாற்றுவது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்த காலத்திலும் பிள்ளைகள் அதிகம் தடுமாறிய இடம் இதுதான். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு அளவுகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கேள்வி: ரீச்சர், கனடாவில் இருக்கிற என் அக்கா ஒரு கேக் செய்முறை அனுப்பினா. மூன்று கப் மா, இரண்டு கப் சீனி, ஒரு கப் பட்டர், நாலு முட்டை, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர். ரைஸ் குக்கரோடு வந்த கப்பால் மாவும் சீனியும் அளந்தேன். பட்டர் மட்டும் 227 கிராம் பக்கற்றை அப்படியே போட்டேன். கேக் நடுவில் இறங்கிவிட்டது, எண்ணெய் கக்கின மாதிரியும் இருந்தது. அக்கா வீட்டில் நல்லாத்தான் வருதாம். நான் எங்கே பிழைவிட்டேன்?
(உவர்மலையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, உங்கள் கையில் பிழை இல்லை. கப்பில்தான் பிழை. ரைஸ் குக்கரோடு வரும் கப் யப்பான்காரர் அரிசி அளக்கும் அளவு. அது 180 மில்லிலீற்றர்தான் கொள்ளும். அக்கா அனுப்பியது போன்ற செய்முறைகள் பெரும்பாலும் அமெரிக்கக் கப்பில் எழுதப்பட்டவை. அந்தக் கப் ஏறத்தாழ 237 மில்லிலீற்றர். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கடையில் விற்கும் அளவுக் கப் 250 மில்லிலீற்றர். பழைய ஆங்கிலேயச் சமையல் கணக்கில் அரைப் பைந்து கப் என்று ஒன்று இருந்தது, அது 284. எல்லாவற்றுக்கும் பெயர் கப்தான்.

நீங்கள் எல்லாப் பொருளையும் அந்தச் சின்னக் கப்பாலேயே அளந்து, முட்டையையும் பேக்கிங் பவுடரையும் அதே விகிதத்தில் குறைத்திருந்தால் கேக் சின்னதாக வந்திருக்கும், ஆனால் சரியாக வந்திருக்கும். நடந்தது அது இல்லை. மாவும் சீனியும் கால்வாசி குறைந்துவிட்டன. பட்டரும் முட்டையும் பேக்கிங் பவுடரும் முழு அளவில் போய்விட்டன. தாங்கிப் பிடிக்க மா போதாத கேக் உப்பி எழுந்து பிறகு நடுவில் இறங்கிவிடும். கொழுப்பைப் பிடித்துவைக்க ஆள் இல்லாததால் எண்ணெய் வெளியே வரும்.

அந்தச் செய்முறையைக் கிராமில் இப்படி எழுதி வையுங்கள்: மா 375, சீனி 400, பட்டர் 227. மாவுக்கு ஒரு கப்புக்கு 125 கிராம் வைத்திருக்கிறேன். மாவைக் கரண்டியால் மெல்லத் தூவி நிரப்பி, கத்தியின் முதுகால் தலைதட்டினால் வரும் எடை அது. கப்பையே மாப் பைக்குள் விட்டு அள்ளினால் அதே கப் 150 கிராம் வரைக்கும் போகும். மூன்று கப்பில் 75 கிராம் வித்தியாசம், அதாவது அரைக் கப்புக்கும் மேலே. அதனால்தான் ஒரே கப்பை வைத்துக்கொண்டு இரண்டு பேர் செய்தாலும் ஒருவரின் கேக் பஞ்சாகவும் மற்றவரின் கேக் வரண்டும் வருகிறது. அக்காவிடம் அடுத்த முறை பேசும்போது மாவை எப்படி அளக்கிறா என்று கேளுங்கள். அள்ளுகிறவ என்றால் மாவை 420 அளவுக்கு ஏற்றலாம்.

இன்னொன்று. அக்காவுக்குப் பதில் அவுஸ்திரேலியாவில் யாராவது அனுப்பினால் மேசைக்கரண்டியையும் கவனியுங்கள். அங்கே மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், மற்ற இடங்களில் 15. தேக்கரண்டி எங்கும் 5தான்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். ஒரு கப் 250 கிராம் என்று எங்களுக்கு ஒரு வகுப்பில் எழுதித் தந்தார்கள். வீட்டில் அரிசியை நிறுத்துப் பார்த்தால் 200தான் வருகிறது. எது சரி?
(தம்பலகாமத்திலிருந்து ஒரு மாணவி)

பதில்: நீங்கள் நிறுத்துப் பார்த்ததுதான் சரி, பிள்ளை. எழுதித் தந்ததை அப்படியே விழுங்காமல் தராசில் வைத்துப் பார்த்தீர்களே, அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

250 மில்லிலீற்றர் கப்பில் 250 கிராம் நிற்கிற பொருள் தண்ணீர். பாலும் தேங்காய்ப்பாலும் அதற்குக் கிட்ட வரும். மற்றவை பெரும்பாலும் வராது. கப் அளப்பது இடத்தை, தராசு அளப்பது பொருளை. அரிசி மணிகளுக்கு இடையில் காற்று இருக்கிறது. மாவில் இன்னும் கூடக் காற்று. தேங்காய்ப்பூவில் பாதிக்கு மேல் காற்றுத்தான். எண்ணெயில் காற்று இல்லை, ஆனால் எண்ணெயே தண்ணீரைவிட இலேசு. தேன் தண்ணீரைவிட நல்ல பாரம்.

கொப்பியில் பழைய வரியை வெட்டிவிட்டு இதை எழுதுங்கள். 250 மில்லிலீற்றர் கப், தலைதட்டி நிரப்பியது: கோதுமை மா 130 கிராம், அரித்த ஐசிங் சீனி 120, ரவை 175, பச்சை அரிசி 200, உழுந்தும் பயறும் 205 அளவில், சீனி 210, தேங்காய் எண்ணெய் 230, பட்டர் 240, தேன் 355. புதிதாகத் துருவிய தேங்காய்ப்பூ அழுத்தாமல் போட்டால் 90 முதல் 100 வரை. இவை எல்லாமே ஏறத்தாழத்தான். உங்கள் ஊர் நெல் குத்தின அரிசி மணி பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்துக்கூட நாலைந்து கிராம் மாறும். ஆனால் தேனுக்கும் தேங்காய்ப்பூவுக்கும் நடுவில் மூன்றரை மடங்கு வித்தியாசம் இருப்பதைப் பாருங்கள். ஒரே எண்ணால் எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

உங்கள் வீட்டுக் கப் எத்தனை மில்லிலீற்றர் என்று தெரியாவிட்டால் வெறும் கப்பைத் தராசில் வைத்துச் சுழியமாக்கிவிட்டு, விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் அந்தக் கப்பின் மில்லிலீற்றர். பேணி, ரம்ளர், சிரட்டை எதற்கும் இந்த வழி சரிவரும்.

கேள்வி: என் அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் அவ செய்வது போல் எங்கள் யாருக்கும் வராது. அவவின் கொப்பியில் "சுண்டு", "சிரட்டை", "ஒரு கை", "கொஞ்சம் குறைய" என்றுதான் இருக்கிறது. இதைக் கிராமில் மாற்றித் தர முடியுமா? லண்டனில் இருக்கிற தங்கச்சிக்கும் அனுப்ப வேணும்.
(சாம்பல்தீவிலிருந்து ஒரு மகள்)

பதில்: கொப்பியை வைத்துக்கொண்டு நான் மாற்றித் தந்தால் அது என்னுடைய பணியாரமாகிவிடும், உங்கள் அம்மாவினுடையதாக இருக்காது. நீங்களே மாற்றுங்கள். அம்மா இருக்கும்போதே மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

வழி இதுதான். ஒரு தராசு வாங்கி அடுப்படியில் வையுங்கள். அம்மாவிடம் எடையைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், வழமைபோலச் செய்யச் சொல்லுங்கள். அவ பேணியில் அள்ளுகிற ஒவ்வொன்றையும் சட்டியில் கொட்டுவதற்கு முன் நீங்கள் வாங்கி நிறுத்து எழுதுங்கள். "ஒரு கை" என்றால் அவ கையால் எடுத்ததைத் தட்டில் போட்டு நிறுங்கள். உங்கள் கையால் எடுக்க வேண்டாம், கை ஆளுக்கு ஆள் மாறும். வேறு வேறு நாட்களில் அவ செய்யும்போது மறுபடியும் நிறுத்து, வந்த எண்களின் நடுவை எடுங்கள். எண்கள் கொஞ்சம் கூடிக் குறைந்தால் பதற வேண்டாம். எந்தப் பொருளில் கூடிக் குறைந்தாலும் பணியாரம் கெடவில்லை, எதில் அம்மா எப்போதும் ஒரே அளவாக நிற்கிறா என்பதும் அந்த எண்களிலேயே தெரியும். ஒரே அளவாக நிற்கும் பொருளை நீங்களும் இம்மி பிசகாமல் பிடிக்க வேண்டும்.

சுண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அநேகமான வீடுகளில் சுண்டு என்பது வெறுமையான ரின்பால் பேணிதான். 397 கிராம் ரின்பால் இருந்த பழைய பேணி என்றால் அது ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் கொள்ளும். அதில் தலைதட்டிய பச்சை அரிசி 240 கிராம் நிற்கும், அதனால்தான் நாலு சுண்டு ஒரு கிலோ என்று வீட்டில் பேசுவது. ஆனால் அம்மா தலைதட்டி அளக்கிறாவா, கும்பமாகக் குவித்து அளக்கிறாவா? பழைய ஆட்கள் பலர் அரிசியைக் குவித்தும் சீனியைத் தலைதட்டியும் அளப்பார்கள். கொப்பியில் அது எழுதியிருக்காது, எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியும் இராது. குவித்த பேணி சுளையாக நாற்பது ஐம்பது கிராம் கூடும். பேணியும் பழசோ புதுசோ என்று பாருங்கள், இப்போது வருகிற ரின்கள் வேறு வேறு அளவில் இருக்கின்றன. அம்மாவின் பேணி வீட்டில் இருந்தால் முதலில் தண்ணீரால் அதை அளந்து, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அரியதரத்தில் எல்லோரும் வழுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அரிசியை எப்போது நிறுப்பது? ஊறவிட்டு வடித்த அரிசி காய்ந்த அரிசியைவிடக் கால்வாசி, சில வேளை அதற்கும் மேலே பாரம். இடித்து அரித்த ஈர மாவின் எடையை எழுதி லண்டனுக்கு அனுப்பினால், தங்கச்சி கடையில் வாங்கின காய்ந்த அரிசி மாவில் அந்த எடையைப் போட்டுப் பாகை இறுக்கிவிடுவா. ஆகவே ஊறப்போட முன் காய்ந்த அரிசியை நிறுங்கள். அதோடு, இடித்து அரித்த பிறகு வந்த மாவின் எடையையும் பக்கத்தில் எழுதுங்கள். அரிதட்டில் மிஞ்சின குறுணல் எவ்வளவு போனது என்பது அப்போதுதான் விளங்கும். சீனிப் பாகுக்குச் சீனியையும் தண்ணீரையும் தனித்தனியே நிறுத்து எழுதினால் போதும். பாகின் பதத்தைக் கிராமில் பிடிக்க முடியாது. அதை அம்மாவோடு நின்று கண்ணால் பழகுங்கள், முடிந்தால் கைபேசியில் படம் பிடித்து அனுப்புங்கள்.

பயற்றம் பணியாரத்துக்கும் அதே கதைதான், ஆனால் தலைகீழாக. பயறு வறுபடும்போது ஈரம் போய் எடை குறையும். வறுக்க முன் நிறுத்ததா வறுத்த பின் நிறுத்ததா என்று எழுதாவிட்டால் கணக்கு நிற்காது. தேங்காய்ப்பூவை வறுத்துப் போடுகிறவர்களுக்கு இது இன்னும் கூடப் பொருந்தும், பூவில் இருப்பது முக்கால்வாசி ஈரமும் எண்ணெயும்தானே. சர்க்கரையைச் சீவிப் பேணியில் அளக்கிற வீடுகளும் உண்டு. சீவின சர்க்கரையை அமத்தினால் ஒரு எடை, அமத்தாவிட்டால் வேறொரு எடை. கட்டியாகவே நிறுங்கள், பிறகு சீவுங்கள். மிளகு, சீரகம், ஏலம் ஆகியவற்றைக் கிராமுக்கு மாற்றிப் பாடுபட வேண்டாம், தேக்கரண்டியே போதும்.

ஒரு சுண்டு பயறு, அரைச் சுண்டு அரிசி என்று எல்லாமே ஒரே பேணியில் அளக்கிற வீட்டுக்காரர், அந்தப் பேணியோடு இருக்கும் வரைக்கும், தராசு இல்லாமலும் நன்றாகத்தான் சமைப்பார்கள். விகிதம் மாறாது அல்லவா? தோசைக்கு உழுந்தும் அரிசியும் ஊறப்போடுவதற்கு நானும் இன்று வரை பேணிதான் எடுக்கிறேன். பேணி ஒரு வீட்டிலும் கொப்பி இன்னொரு வீட்டிலும் என்று பிரிகிற நாளில்தான் கிராம் தேவைப்படுகிறது. உங்கள் வீட்டில் அது சாம்பல்தீவும் லண்டனுமாகப் பிரிந்துவிட்டது.

கேள்வி: ரீச்சர், நான் கடைகளுக்கு மாலு பணிஸும் றோல்ஸும் போடுகிறேன். ஒரு நாள் பணிஸ் நல்லா வருது, ஒரு நாள் வருதில்லை. ஈஸ்ட், உப்பு எல்லாம் தேக்கரண்டியில்தான் போடுகிறேன். என்ன தராசு வாங்கலாம்?
(மூதூரிலிருந்து ஒரு தம்பி)

பதில்: தம்பி, தொழிலுக்குச் செய்கிறவர்கள் முதலில் வாங்க வேண்டிய பொருள் தராசு. அவண்கூடப் பிறகுதான் என்பேன். 5 கிலோ வரை நிறுக்கும், ஒரு கிராம் ஒரு கிராமாகக் காட்டும் டிஜிற்றல் தராசு ஒன்று. மா, சீனி, தண்ணீர், மாஜரின் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு, ஒவ்வொரு முறையும் சுழியமாக்கி அடுத்ததைப் போடலாம். கழுவ ஏனமும் குறையும்.

ஆனால் அந்தத் தராசை நம்பி 3 கிராம் ஈஸ்ட் நிறுக்க வேண்டாம். ஒரு கிராம் முன்பின் காட்டினாலே மூன்றில் ஒரு பங்கு பிழைத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் சில தராசுகள் அசைவதே இல்லை. ஈஸ்ட், உப்பு, பேக்கிங் பவுடர் போன்றவற்றுக்கு 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று தனியாக வைத்திருங்கள். உள்ளங்கையளவுதான் இருக்கும். அது வாங்கும் வரைக்கும் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளலாம்: தலைதட்டிய ஒரு தேக்கரண்டியில் உடன் ஈஸ்ட் (இன்ஸ்டன்ட் ஈஸ்ட்) 3 கிராம், தூள் உப்பு 6, அப்பச்சோடா 5, பேக்கிங் பவுடர் 4 முதல் 5, சீனி 4. வீட்டில் தேத்தண்ணி கலக்குகிற கரண்டி இந்தத் தேக்கரண்டி இல்லை. அளவுக்கரண்டிக் கோர்வை ஒன்று விலை குறைவுதான், வாங்குங்கள்.

ஒரு கிலோ மாவுக்கு உப்பு 18 முதல் 20 கிராம், உடன் ஈஸ்ட் 10 கிராம் என்று தொடங்கிப் பாருங்கள். குழைத்த மாவை உருண்டை பிடிக்கும்போதும் நிறுங்கள். ஒரு பணிஸுக்கு 60 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோ மாவில் எத்தனை பணிஸ் வரும் என்று முதல் நாளே தெரியும், ஒரு பணிஸின் அடக்க விலையும் தெரியும். சின்னது பெரிதாக இருந்தால் ஒன்று வேகும்போது மற்றது கருகும். கடைக்காரரும் சின்னதைத் திருப்பித் தருவார்.

தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, முத்திரை குத்தின தராசு வைத்திருக்கும் கடையில் உங்கள் கண்முன்னால் அரைக் கிலோ சீனி நிறுத்து வாங்கி, வீட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள். பற்றரி இறங்கினாலும் சில தராசுகள் பிழையாகக் காட்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நீங்கள் ஏதாவது பொருளை எடைக் கணக்கில் விற்கத் தொடங்கினால் இந்த வீட்டுத் தராசு உதவாது, முத்திரையிட்ட தராசுதான் வேண்டும்.

கேள்வி: எங்கள் அம்மாவின் காலத்து ஆங்கிலச் சமையல் குறிப்புகள் எல்லாம் இறாத்தல், அவுன்சில் இருக்கின்றன. "எட்டு அவுன்ஸ் பாணி (ட்ரீக்கிள்)" என்று ஒன்றில் உள்ளது. மருந்துப் போத்தலில் எட்டு அவுன்ஸ் அளந்து ஊற்றலாமா?
(நகரத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஒருவர்)

பதில்: ஐயா, ஊற்ற வேண்டாம். அவுன்சு இரண்டு வகை. நிறை அவுன்சு 28.35 கிராம். திரவ அவுன்சு கொள்ளளவு, மருந்துப் போத்தலில் கோடு போட்டிருப்பது அது. தண்ணீருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவதால் குழப்பம் வெளியே தெரிவதில்லை. பாணியில் தெரிந்துவிடும். எட்டு திரவ அவுன்சு பாணியின் எடை பத்து நிறை அவுன்சைத் தாண்டும். அந்தக் குறிப்பில் மற்றப் பொருட்களும் இறாத்தலில் இருந்தால் பாணியையும் நிறுத்துத்தான் போட வேண்டும், 227 கிராம்.

ஒரு இறாத்தல் 453.6 கிராம், 16 அவுன்சு. இறாத்தலில் எழுதின பழைய குறிப்புகள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஒரு இறாத்தல் மா, ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் முட்டை என்று நாலும் சரிக்குச் சரியாகப் போட்டு அடித்த கேக் எந்த நாட்டுக் கப்புக்கும் கட்டுப்படாது. ஓடு நீக்கிய முட்டை ஒன்று 50 கிராம் என்று வைத்தால் ஒன்பது முட்டை. நாட்டுக்கோழி முட்டை என்றால் கூடப் போகும், அதையும் நிறுத்துப் பாருங்கள். கடையில் பட்டர் வாங்கும்போது பக்கற்றைப் பாருங்கள். 227 கிராம் உண்டு, 200 கிராமும் உண்டு. இரண்டு 200 கிராம் பக்கற்றை ஒரு இறாத்தல் என்று போட்டால் 54 கிராம் பட்டர் குறைந்துவிடும். அது கேக்கில் நன்றாகத் தெரியும்.

கேள்வி: வட்டிலப்பத்துக்குச் சீவின கருப்பட்டி இரண்டு கப் என்று ஒரு குறிப்பில் பார்த்தேன். ஒரு முறை இனிப்புக் கூடுது, ஒரு முறை குறையுது. தேங்காய்ப்பாலையும் நிறுக்கவா?
(கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: சகோதரி, கருப்பட்டியைக் கப்பில் அளக்கவே வேண்டாம். மேலே சர்க்கரைக்குச் சொன்னதுதான் இதற்கும்: கட்டியாக நிறுத்துப் பிறகு சீவுங்கள். பத்து முட்டைக்குக் கருப்பட்டி 500 கிராம், கட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லிலீற்றர். பத்து முட்டையும் ஓடு நீக்கினால் ஏறத்தாழ 500 கிராம்தான், எனவே முட்டையும் கருப்பட்டியும் சம எடை என்று நினைவில் வைப்பது சுகம். முட்டை சின்னதாக இருந்தால் உடைத்து நிறுத்து, வருகிற எடைக்குச் சரியாகக் கருப்பட்டியைக் குறையுங்கள். பெருநாளுக்கு முப்பது முட்டையில் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

தேங்காய்ப்பாலை மில்லிலீற்றரில் அளந்தாலும் கிராமில் நிறுத்தாலும் ஏறத்தாழ ஒரே எண்தான். நீங்கள் கவனிக்க வேண்டியது பாலின் தடிப்பு. முதற்பால் மட்டும் எடுங்கள், தண்ணீர் கூடினால் எந்தத் தராசாலும் வட்டிலப்பத்தை இறுக்க முடியாது. கட்டிக்குப் பதில் கித்துள் பாணி ஊற்றுவதென்றால் நிறுத்து ஊற்றுங்கள். 250 மில்லிலீற்றர் பாணி 330 கிராமைத் தாண்டும். பாணியில் தண்ணீரும் இருப்பதால் பாலைக் கொஞ்சம் குறைக்க வேண்டி வரும்.

கேள்வி: எங்கள் வீட்டில் உப்பளத்துக் கல்லுப்புத்தான் பாவிக்கிறோம். தேசிக்காய் ஊறுகாய்க் குறிப்பில் "நாலு மேசைக்கரண்டி உப்பு" என்று இருந்தது. போட்டேன், பூசணம் பிடித்துவிட்டது. கல்லுப்பு என்றதால்தானா?
(நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பெரும்பாலும் அதனால்தான். பெரிய பரலாக இருக்கும் கல்லுப்பை மேசைக்கரண்டியில் எடுத்தால் பரல்களுக்கு இடையில் வெற்றிடம் கிடக்கும். தூளுப்பு 18 கிராம் நிற்கிற கரண்டியில் கல்லுப்பு அதைவிடக் குறைவாகத்தான் நிற்கும். எவ்வளவு குறைவு என்பது பரலின் பருமனைப் பொறுத்தது. நாலு கரண்டி தூளுப்பு 72 கிராம். குறிப்பு எழுதினவர் நினைத்தது தூளுப்பாக இருந்தால், கல்லுப்பிலும் 72 கிராம் நிறுத்துப் போட வேண்டும், கரண்டியை எண்ணக் கூடாது. உப்பு எந்தப் பருமனில் இருந்தாலும் ஒரு கிராம் ஒரு கிராம்தான். ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் எல்லாவற்றுக்கும் உப்பை நிறுங்கள், பழுதாகாமல் காப்பது உப்புத்தானே. நறுக்கின தேசிக்காயையும் நிறுத்து, அதற்கு எத்தனை கிராம் உப்பு என்று எழுதிவைத்தால் அடுத்த வருடம் காய் கூடக் காய்த்தாலும் கணக்கு கையில் இருக்கும்.

கேள்வி: பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கிராம் கணக்கு வேணுமா ரீச்சர்? மாமி சிரிக்கிறா.
(உப்புவெளியிலிருந்து ஒரு புதுமருமகள்)

பதில்: மாவுக்கு வேணும், தண்ணீருக்கு வேண்டாம். சீனக்குடா ஆலையில் அரைத்து வருகிற கோதுமை மாவை அவித்து அரித்தால் பொலுபொலுவென்று உப்பிவிடும். அவித்த மாவில் ஒரு கப்பும் அவிக்காத மாவில் ஒரு கப்பும் ஒரே எடையாக இராது. அதனால் நாலு பேருக்கு இவ்வளவு என்று கிராமில் எடுத்தால் ஆக்கின இடியப்பம் மிஞ்சாது, குறையாது. வறுத்த அரிசி மாவும் அப்படித்தான், வறுபட்ட பதத்துக்கு ஏற்ப எடை மாறும்.

தண்ணீர் விஷயத்தில் மாமி பக்கம்தான் நான். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் மா வரண்டு கிடக்கும், கூடத் தண்ணீர் குடிக்கும். மார்கழி மழையில் திறந்து கிடந்த பையின் மா ஏற்கெனவே ஈரத்தை இழுத்திருக்கும், குறைவாகக் குடிக்கும். நான் கிராமில் ஒரு எண் தந்தால் அரை வருடத்துக்கு அது பிழையாகிவிடும். மாவை நிறுத்துச் சட்டியில் போடுங்கள், கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள், பதம் வந்ததும் மாமியிடம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.